கருப்பொருளாகும் நீர்: அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் ஒண்டுக்குடித்தனமும் தலைமுறைகளும்

ஆய்வுச் சுருக்கம்

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973) நாவலில் வரும் நீரை அன்பின் குறியீடாகவும் மன ஈரத்தின் குறியீடாகவும் வாசிக்கும் போக்கு வலுவாக நிலைபெற்றுள்ளது. அவ்வாசிப்பு நாவலின் ஒரு பகுதியையே விளக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நீரை முதலில் கருப்பொருளாக, அதாவது ஒரு நிலத்துக்கும் அந்நிலத்து மாந்தரின் தொழிலுக்கும் உரிய பொருளாக வாசிக்கும்போதே நாவலில் வரும் பெண்களின் தலைமுறை உறவுகள் தெளிவுபெறுகின்றன. இதை நிறுவத் தியாகராய நகர், மாம்பலம் பகுதிகளின் உருவாக்கமும் ஒண்டுக்குடித்தன வாழ்வின் அமைப்பும் பின்புலமாகக் கொள்ளப்படுகின்றன. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966), ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970), கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ (1968) ஆகியவை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அசோகமித்திரன், தண்ணீர், ஒண்டுக்குடித்தனம், கருப்பொருள், தலைமுறை, தியாகராய நகர், அன்றாட வாழ்வு.

1. முன்னுரை

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம், தியாகராய நகர் ஆகிய பகுதிகளில் மூன்று தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பங்களின் நினைவில் ஒண்டுக்குடித்தன வீட்டுக்குத் தனி இடம் உண்டு. ஒரே வாசல், ஒரே முற்றம், ஒரே குழாய், ஐந்தாறு குடும்பங்கள் என்ற அந்த அமைப்பு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வருகையால் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அது மறைந்த பின்னர் அதைப் பற்றிய ஏக்கம் வளர்ந்திருக்கிறது. ‘அந்நாளில் எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தோம்’ என்பது மூத்த தலைமுறை இளைய தலைமுறைக்குச் சொல்லும் வழக்கமான கூற்று. இக்கூற்றை ஐயுறுவதற்குரிய சான்றுகளை அந்த வீடுகள் நிறைந்திருந்த காலத்திலேயே எழுதப்பட்ட இலக்கியம் தருகிறது.

அவற்றுள் முதன்மையானது ‘தண்ணீர்’. அசோகமித்திரன் (1931-2017) செகந்தராபாத்தில் பிறந்து, 1952இல் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றி, 1966இல் அப்பணியிலிருந்து விலகி முழுநேர எழுத்தாளரானவர். அவரது வாழ்வின் பெரும்பகுதி தியாகராய நகரில் கழிந்தது. திரைத்துறையின் விளிம்பில் நிற்பவர்களையும் வாடகை வீட்டில் வாழ்பவர்களையும் அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார். ‘தண்ணீர்’ நாவலில் இவ்விரு அனுபவங்களும் ஒன்றுசேர்கின்றன. திரைப்பட வாய்ப்பை நம்பிப் பாஸ்கர் ராவிடம் ஏமாறும் ஜமுனா, அலுவலகப் பணிக்குச் செல்லும் தங்கை சாயா, அண்டையில் வாழும் டீச்சரம்மா ஆகிய மூவரின் வாழ்வும் கடும் தண்ணீர்ப் பஞ்சத்தின் ஊடாகச் சொல்லப்படுகிறது.

2. ஆய்வுச் சிக்கலும் அணுகுமுறையும்

‘தண்ணீர்’ பற்றிய வாசிப்புகளில் பொதுவாக ஓர் ஒழுங்கைக் காணலாம். தண்ணீர்ப் பஞ்சம் புறச்சூழலாக முதலில் குறிப்பிடப்படும். அடுத்து, வறண்டிருப்பது நகரம் மட்டுமன்று, மனித மனங்களும்தாம் என்ற நிலைக்கு வாசிப்பு நகரும். இறுதியில் நீர் என்பது பரிவாகவோ வாழும் விழைவாகவோ பொருள் கொள்ளப்படும். இது பிழையான வாசிப்பு அன்று. நாவலின் தலைப்பே அதற்கு இடம் தருகிறது. ஆயினும் இவ்வாசிப்பில் குடம், வாளி, அடிகுழாய், வரிசை, தோண்டிய தெரு, சாக்கடை கலந்த குழாய்நீர் ஆகியவை யாவும் வேறொன்றைச் சுட்டும் அடையாளங்களாகச் சுருங்கிவிடுகின்றன. குடத்தைத் தூக்கியவர் யார், அவருக்கு என்ன வயது, வீட்டில் வேறு யார் தூக்கவில்லை என்ற வினாக்கள் எழுவதற்கு அங்கு இடமில்லை.

இச்சிக்கலை அணுகத் தமிழ்ப் பொருளிலக்கண மரபே கருவி தருகிறது. தொல்காப்பியர் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து, சொல்லும் முறையில் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்கிறார். உரிப்பொருளே தலையாயது என்பதை இதிலிருந்து பெறுகிறோம். முதலும் கருவும் இன்றி உரி நிற்கக்கூடும் என்பது இதன் பொருளன்று. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியவற்றைத் தொல்காப்பியம் கருப்பொருள்களாகச் சுட்ட, பின்வந்த நம்பியகப்பொருள் பதினான்கு கருப்பொருள்களைத் தொகுத்து அவற்றுள் நீரையும் சேர்க்கிறது. அம்மரபில் ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கென்று நீர் உண்டு. அந்நீர்நிலையின் தன்மை அந்நிலத்து மாந்தரின் தொழிலோடும் ஒழுக்கத்தோடும் பிணைந்தது.

‘தண்ணீர்’ நாவலின் வழக்கமான வாசிப்பு நீரைக் கருப்பொருள் என்ற படியைத் தாண்டி நேரடியாக உரிப்பொருளாக்கிவிடுகிறது. தவறவிட்ட அந்தப் படிக்குத் திரும்பிச் செல்வதே இக்கட்டுரையின் அணுகுமுறை. எனவே முதலில் நிலம், அடுத்துக் குடியிருப்பு, அதன்பின் மாந்தர் என்ற வரிசை இங்குப் பின்பற்றப்படுகிறது.

3. ஏரி நிலத்தில் எழுந்த நகர்

தியாகராய நகர் ஓர் ஏரியின் மேல் எழுந்த ஊர். நுங்கம்பாக்கத்துக்கும் மாம்பலத்துக்கும் நெடுகப் பரந்திருந்த பெரிய ஏரியை வற்றச் செய்து, 1920களில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் இப்புதிய குடியிருப்பு உருவாக்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கும், பனகல் அரசரின் பெயர் அதன் நடுவிலிருந்த பூங்காவுக்கும் இடப்பட்டன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஏரி இல்லை, ஏரியைப் பார்த்திருந்த சாலையின் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

மயிலாப்பூரின் நிலவரம் வேறு. கோயிலும் தெப்பக்குளமும் மாட வீதிகளும் கொண்ட பழைய ஊர் அது. ஆங்கிலேயர் காலத்தில் வழக்கறிஞர்களும் உயர் அலுவலர்களும் பெரிய வீடுகளில் அங்குக் குடியேறினர். தியாகராய நகரும் மாம்பலமும் மாவட்டங்களிலிருந்து வேலைதேடி வந்த எழுத்தர்கள், ஆசிரியர்கள், திரைப்பட நிறுவனப் பணியாளர்கள் ஆகியோரின் ஊர்களாயின. காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் ஆற்றில் குளித்து வளர்ந்த தலைமுறை, குழாயை நம்பி வாழும் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. அத்தலைமுறையின் பிள்ளைகளுக்கு ஆறு என்பது விடுமுறைக்குச் செல்லும் ஊரின் நினைவு மட்டுமே.

நகரின் குடிநீர் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருந்தது. கொசத்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் பயன்பாட்டுக்கு வந்தது. சோழவரமும் செங்குன்றமும் பழைய ஆதாரங்கள். பருவமழை பொய்த்தால் இம்மூன்றும் ஒருசேர வற்றும். 1960களின் பிற்பகுதியில் வீராணம் ஏரியிலிருந்து நீர் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டது; அதற்கென உருவாக்கப்பட்ட பெருங்குழாய்கள் சாலையோரங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததைக் கண்டு வளர்ந்த தலைமுறை ஒன்று சென்னையில் உண்டு. அத்திட்டம் புதிய வடிவில் நிறைவேறியது 2004இல்தான். கிருஷ்ணா நீர் 1996இல் வந்தது. குடிநீருக்கெனத் தனி வாரியம் அமைந்தது 1978இல். ‘தண்ணீர்’ இவை அனைத்துக்கும் முந்தைய நூல். நாவலின் மாந்தர்க்கு நீரைப் பற்றி முறையிட ஓரிடம்கூடத் தெளிவாக இல்லை என்பதை இப்பின்னணியில் வைத்து உணர வேண்டும்.

4. ஒண்டுக்குடித்தனம் என்னும் அமைப்பு

‘ஒண்டுதல்’ என்ற சொல்லுக்கு ஒட்டி ஒதுங்கியிருத்தல் என்பது பொருள். மழைக்கு ஒண்டுவதும் பிறர் வீட்டில் ஒண்டுவதும் ஒரே வினைச்சொல்லால் குறிக்கப்படுகின்றன. தங்கியிருப்பவருக்கு அந்த இடத்தின்மேல் உரிமை இல்லை என்பது சொல்லிலேயே பதிந்துள்ளது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவரையும் இச்சொல் ஒதுங்கி நிற்பவராகவே காட்டுகிறது.

ஒரு குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட வீட்டைப் பகுதி பகுதியாகத் தடுத்து வாடகைக்கு விட்டபோது அறைகளைப் பிரிக்க முடிந்தது. கிணற்றையும் குழாயையும் கழிப்பறையையும் பிரிக்க முடியவில்லை. எனவே பொதுவில் எஞ்சியவை யாவும் நீர் சார்ந்த இடங்களாயின. ஒண்டுக்குடித்தனத்தில் சமுதாயம் என்ற ஒன்று உருவானது கூடத்திலோ திண்ணையிலோ அன்று, குழாயடியில்தான். நட்பும் பூசலும் செய்தியும் வதந்தியும் அங்கேயே பிறந்தன. அங்குக் கூடியவர்கள் விரும்பிக் கூடியவர்கள் அல்லர். நீருக்காகக் கூடினர், கூடியதால் ஒருவரை ஒருவர் அறிந்தனர்.

‘தண்ணீர்’ நாவலில் இவ்வமைப்பு அதன் முழு இறுக்கத்தோடு வருகிறது. வீட்டுக்கார அம்மாளின் அதிகாரம் வாடகையில் மட்டும் இல்லை; நீரின்மேலும் இருக்கிறது. குடியிருப்பவரின் ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் அதனோடு சேர்ந்தே அவருக்குக் கிடைக்கிறது. ஜமுனா யாருடன் போகிறாள், எப்போது திரும்புகிறாள் என்பதைக் கவனிக்கும் கண்களும் நீருக்கு வரிசையில் நிற்கும் கண்களும் ஒன்றே. ஏக்கத்தோடு நினைவுகூரப்படும் ‘ஒரே குடும்பம்’ என்ற உணர்வு, உண்மைக் குடும்பத்தின் கண்காணிப்பையும் உடன் கொண்டுவந்தது என்பதை நாவல் உரக்கச் சொல்வதில்லை, நிகழ்ச்சிகளால் காட்டுகிறது.

5. நீர் சுமக்கும் தலைமுறைகள்

நாவலின் பெண்களை வயது வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. மூத்த தலைமுறையில் டீச்சரம்மாவின் மாமியார் இருக்கிறார். அவர் நீர் சுமக்கும் வயதைக் கடந்தவர், ஏவும் நிலையில் உள்ளவர். நடுவில் டீச்சரம்மா. பள்ளியில் வேலை, வீட்டில் நோயாளிக் கணவர், மாமியார், இவற்றோடு தண்ணீர். இளைய வரிசையில் ஜமுனாவும் சாயாவும். சாயாவின் கணவன் இராணுவத்தில் இருக்கிறான். மகன் உறவினர் வீட்டில் வளர்கிறான். நாவலின் இறுதியை நெருங்கும்போது ஜமுனாவின் வயிற்றில் இன்னொரு தலைமுறையும் வந்துவிடுகிறது.

தலைமுறைகள் குருதி வழியில் தொடர்வதே குடும்ப நாவலின் வழக்கம். பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் அறிவும் ஆறுதலும் இறங்கிவர வேண்டும். ‘தண்ணீர்’ நாவலில் அவ்வழி அடைபட்டிருக்கிறது. சகோதரியரின் தாய் அவர்களுக்கு ஆதரவு தரும் நிலையில் இல்லை. சாயா தாயாக இருந்தும் மகனோடு வாழ முடியவில்லை. சகோதரியர் உறவே ஒரு கட்டத்தில் முறிந்து சாயா விடுதிக்குப் போய்விடுகிறாள். இரத்த உறவு ஒவ்வொரு முனையிலும் அறுந்துநிற்கும் வேளையில், ஜமுனா தன்னை மாய்த்துக்கொள்ளத் துணிந்து தப்பிய பின், அவளுக்குத் துணையாவது தெருவில் வாழும் டீச்சரம்மா. உறவின் பெயர் எதுவும் அவர்களுக்கிடையில் இல்லை. ‘டீச்சரம்மா’ என்ற விளியில் தொழிலும் தாய்மையும் ஒட்டியிருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நாவலில் அச்சொல் செய்யும் வேலை பெரியது.

டீச்சரம்மா ஆறுதல் சொல்வதில்லை. இளவயதிலேயே தன்னைவிட மிகவும் மூத்த, நோயாளியான ஒருவருக்கு மணம் செய்துவைக்கப்பட்ட தன் கதையைச் சொல்கிறார். அதைத் தியாகக் கதையாகவும் சொல்வதில்லை. அவர் கூறுவதன் சாரம், தன் துயரம் தனித்துவமானது என்ற எண்ணத்திலிருந்து ஜமுனாவை விடுவிப்பதுதான். இக்காட்சியை நாவலின் அற மையமாகக் கொள்ளும் வாசிப்புகள் பல. அவை டீச்சரம்மாவை ஞானம் வழங்குபவராக உயர்த்துகின்றன. ஆனால் அவ்வாறு உயர்த்தும்போது இவர் நாள்தோறும் நீர் சுமக்கும் பெண் என்பது மறைந்துவிடுகிறது. அவருடைய சொல்லுக்கு வலிமை தருவது தத்துவமன்று. ஜமுனாவுக்கு முன்னரே அந்த வரிசையில் நின்றவர் என்ற தகுதியே. குழாயடியில் மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பது போன்ற கற்பித்தல் அது.

இதன்பின் ஜமுனாவிடம் நிகழும் மாற்றத்தையும் இவ்வகையிலேயே காண வேண்டும். அவள் தெளிவு பெற்ற பிறகு செய்பவை பெருஞ்செயல்கள் அல்ல. தெருவின் தண்ணீர்ப் பிரச்சினையில் பங்கெடுக்கிறாள். பிறரோடு சேர்ந்து நீரைப் பற்றிக் கவலைப்படுகிறாள். பாஸ்கர் ராவின் காரில் ஏறிப்போகும் பெண்ணாக இருந்தவள் தெருவின் பெண்ணாகிறாள். குறியீட்டு வாசிப்பு இதை ‘மன ஈரம் திரும்பியது’ என்று சொல்லும். கருப்பொருள் வாசிப்பு, தன் தலைமுறைக்குரிய உழைப்பில் அவள் தன் இடத்தை எடுத்துக்கொண்டாள் என்று சொல்லும். இரண்டாவது விளக்கம் நாவலின் நிகழ்ச்சிகளுக்கு நெருக்கமானது.

6. தாய் ஊற்றிய நீர்: ஜெயகாந்தனோடு ஓர் ஒப்பீடு

அதே நகரத்தில், அதே ஆண்டுகளில், இன்னொரு நீர் தமிழ் வாசகரை உலுக்கியது. 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழைநாளில் காரில் அழைத்துச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட மகளைத் தாய் நீராட்டுகிறாள். நீ தூய்மையானவள் என்று ஏற்றுக்கொள்கிறாள். கதையின் பெயர் தீயைச் சொல்கிறது. தூய்மை செய்வதோ நீர். கதை எழுப்பிய எதிர்வினைகளின் தொடர்ச்சியாக எழுந்த ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970; சாகித்திய அகாதெமி விருது 1972) அந்நீராட்டு நிகழாதிருந்தால் என்னவாகும் என்று கேட்கிறது. நாவலில் தாயின் அலறலால் விஷயம் வெளிப்பட்டுவிடுகிறது. அண்ணன் கங்காவை வீட்டைவிட்டு அனுப்புகிறான். அடைக்கலம் தந்து படிக்கவைக்கும் வெங்கு மாமாவிடமும் அவளுக்குப் பாதுகாப்பு இல்லை.

இரு ஆசிரியர்களையும் அருகருகே வைக்கும்போது சில வேறுபாடுகள் தெளிவாகின்றன. ஜெயகாந்தனிடம் நீர் தேவையான அளவு இருக்கிறது. தாய் மகளின் தலையில் ஊற்றும் நீர் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் கதைக்கு இல்லை. அது சடங்கின் நீர். அசோகமித்திரனிடம் குளிப்பதற்கான நீரே சிக்கல். ஜமுனாவின் ‘களங்கத்தை’க் கழுவிவிடும் ஒரு நீராட்டை அவரால் எழுத முடியாது. அந்தத் தெருவில் அவ்வளவு தண்ணீர் இல்லை.

இதை வேடிக்கையான தற்செயலாக ஒதுக்கிவிட முடியாது. தூய்மை என்ற கருத்தே நீரின் இருப்பை முன்நிபந்தனையாகக் கொண்டது. மடி, ஆசாரம், தீட்டுக் கழித்தல் ஆகியவை நீர் தாராளமாகக் கிடைக்கும் ஆற்றங்கரை வாழ்வில் உருவான ஒழுக்கங்கள். நீர் அற்ற நகரத் தெருவில் அவ்வொழுக்கத்தின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. சாக்கடை கலந்த குழாய்நீர் வரும் வீட்டில் தூய்மை, தூய்மையின்மை என்ற பிரிவினை பொருளிழக்கிறது. ஜெயகாந்தன் தூய்மை என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டு, அதனுள் மகளுக்கு இடம் தேடுகிறார். அசோகமித்திரன் அந்த அளவுகோலைப் பயன்படுத்தவே இல்லை. ஜமுனா கருவுற்றிருக்கும் செய்தி நாவலில் பேரிடியாக ஒலிப்பதில்லை. தண்ணீர் வருமா என்ற கவலையோடு சேர்ந்து வாழவேண்டிய இன்னொரு செய்தியாக அமைகிறது.

தலைமுறை உறவிலும் வேறுபாடு உண்டு. ஜெயகாந்தனிடம் மகளைக் காப்பதும் கைவிடுவதும் தாயின் கையில் உள்ளன. கதையிலும் நாவலிலும் தாய் எதிரெதிராக நடந்துகொண்டாலும் அதிகாரம் குருதி வழியிலேயே நிற்கிறது. அசோகமித்திரனிடம் அவ்வதிகாரம் பக்கவாட்டில் நகர்ந்து அண்டை அயலுக்குச் சென்றுவிடுகிறது. நகர வாழ்வில் குடும்பத்தின் இடத்தை அயலார் எடுத்துக்கொள்ளும் சமூக மாற்றத்தை ‘தண்ணீர்’ இவ்வாறு முன்னுணர்கிறது.

7. மாடிப்படியின் கீழ் ஓர் இடம்: ‘எதிர்நீச்சல்’

மேடை நாடகமாக நடிக்கப்பட்டு 1968இல் திரைப்படமான கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ ஒண்டுக்குடித்தன வாழ்வைப் பெருந்திரளான பார்வையாளர்க்குக் காட்டிய படைப்பு. நாகேஷ் ஏற்ற மாது என்ற அநாதை இளைஞன் பல குடும்பங்கள் வாழும் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே தங்கி, குடியிருப்போரின் எடுபிடி வேலைகளைச் செய்து, அவர்கள் தரும் உணவை உண்டு கல்லூரியில் படிக்கிறான். திரையில் முகம் காட்டாமல் இருமலால் மட்டும் அறியப்படும் முதியவர் ஒருவரும் அவ்வீட்டில் உண்டு.

இப்படைப்பு நகைச்சுவைக்காகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதன் அமைப்பை உற்றுநோக்கினால், ‘ஒரே குடும்பம்’ என்ற உணர்வு யாருடைய உழைப்பின்மேல் நிற்கிறது என்பது தெரியும். உறவற்ற ஒருவன் எல்லோருக்கும் உறவாவது, எல்லோருக்கும் வேலை செய்வதன் வழியாகவே. இருமும் முதியவரின் நிலை மறுமுனை: வேலை செய்ய இயலாத தலைமுறை வெறும் ஒலியாகிவிடுகிறது. உழைக்கும் வயதினரே அவ்வீட்டில் கண்ணுக்குத் தெரிகின்றனர். ‘தண்ணீர்’ நாவலில் மாமியார், டீச்சரம்மா, ஜமுனா என்று பெண்களிடையே காணப்படும் பகிர்வு, ‘எதிர்நீச்சல்’ படைப்பில் ஆண்களின் பக்கத்திலிருந்து காட்டப்படுகிறது எனலாம். வேறுபாடு முடிவில் உள்ளது. மாது படித்து முன்னேறும் இளைஞன்; மாடிப்படியின் அடி அவனுக்கு ஒரு கட்டம் மட்டுமே. ஜமுனாவுக்கும் டீச்சரம்மாவுக்கும் அவ்வாறு ஏறிச் செல்லும் படி எதுவும் இல்லை.

8. குறியீடு தொடங்கும் இடம்

மேற்கண்டவை நாவலில் குறியீடே இல்லை என்று வாதிடுவன அல்ல. தொல்காப்பியர் உள்ளுறை உவமத்துக்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை இடமாகக் கொள்கிறார். இறைச்சியும் கருப்பொருளின் வழியே பிறப்பதாக உரையாசிரியர்கள் கொள்வர். இதிலிருந்து பெறப்படும் திறனாய்வு நெறி ஒன்று உண்டு: ஒரு பொருள் தனக்குரிய நிலத்தில் தன்னளவில் முழுமையாக நின்ற பிறகே வேறொன்றைக் குறிப்பாக உணர்த்தும் தகுதி பெறுகிறது. மருதப் பாடலில் எருமை முதலில் எருமையாக இருந்தாக வேண்டும்; அதன்பிறகே அது தலைவனின் ஒழுக்கத்தைச் சுட்டும்.

அசோகமித்திரனின் உரைநடை இந்நெறிக்கு இயல்பாகவே பொருந்துகிறது. அவர் நீரைப் பற்றி வியந்து எழுதுவதில்லை. குழாயில் வந்ததா, குடம் நிரம்பியதா, நாற்றம் அடித்ததா என்ற அளவிலேயே சொற்கள் நின்றுவிடுகின்றன. துயரத்தையும் அதே தொனியில் சொல்கிறார். ஒரு பெண் சாக முயன்றதும் ஒரு தெரு தோண்டப்பட்டதும் ஏறக்குறைய ஒரே குரலில் கூறப்படுகின்றன. இச்சமநிலையைப் பற்றின்மை என்று சிலர் குறைகூறுவதுண்டு. அன்றாட வாழ்வில் பெருந்துயரமும் சிறு தேவையும் ஒரே நாளில், ஒரே உடலால் சமாளிக்கப்படுகின்றன என்ற அறிவே இத்தொனியின் அடிப்படை. அழுதுகொண்டிருப்பவரும் குழாயில் நீர் வந்தால் எழுந்துபோக வேண்டும். அவ்வாறு எழுந்துபோகும் கணத்தில்தான் நீர் வாழ்வின் குறியீடாகிறது. அக்குறியீட்டை ஆசிரியர் ஏற்றிவைக்கவில்லை. உழைப்பு அதைத் தோற்றுவிக்கிறது.

9. நாவலின் எல்லையும் அடுத்த தலைமுறையும்

நாவலின் மையம் ஒரு நடுத்தர வர்க்கத் தெரு. அத்தெருவின் பஞ்சம் எப்போதும் பஞ்சமாகவே இருந்த குப்பங்களும் குடிசைப் பகுதிகளும் அதே தென்சென்னையில் இருந்தன. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் அமைக்கப்பட்டது இங்கு நினைவுகூரத்தக்கது. குழாயே இல்லாத இடங்களில் தெருக்குழாய்க்கு நடந்து வாழ்ந்த தலைமுறைகளின் நோக்கில் ‘தண்ணீர்’ காட்டும் நெருக்கடி நடுத்தர வர்க்கத்தைத் தாமதமாக வந்தடைந்த ஒன்று. நாவலை அன்றாட வாழ்வின் ஆவணமாகக் கொள்ளும்போது இவ்வெல்லையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வெல்லை பிற்கால வாசிப்புக்கும் முக்கியமானது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. குழாயடி மறைந்தது, லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் வந்தன. மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. 2015இல் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்த நகரமே, 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வரவழைக்க நேர்ந்தது.

இம்மாற்றங்களில் நீர் சுமக்கும் உழைப்பு ஒழிந்துவிடவில்லை, கை மாறியது. கேனைத் தோளில் வைத்து மூன்றாம் மாடி ஏறும் இளைஞனும் வீட்டுவேலைக்கு வரும் பெண்ணும் இன்று அதைச் சுமக்கின்றனர். ஒண்டுக்குடித்தனத்தில் சுமந்தவரும் குடித்தவரும் ஒரே வரிசையில் நின்றனர். அடுக்குமாடியில் அவர்கள் ஒருவரை ஒருவர் பெயரறிந்து அழைப்பதும் அரிது. மூத்த தலைமுறையின் ஏக்கத்தில் ஓர் உண்மை இருக்குமானால் அது இதுவே. இழந்தது ஒற்றுமையை என்பதைவிட, யார் சுமக்கிறார் என்பதை எல்லோரும் அறிந்திருந்த நிலையை என்பது பொருந்தும்.

10. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

• ‘தண்ணீர்’ நாவலின் நீர் முதலில் கருப்பொருள். அதன் வழியே உரிப்பொருளை நோக்கி நகர்கிறது. இப்படியைத் தவிர்க்கும் குறியீட்டு வாசிப்பு நாவலில் வரும் பெண்களின் உழைப்பை மறைத்துவிடுகிறது.

• ஒண்டுக்குடித்தனம் நீரின் பொதுமையால் உருவான சமுதாயம். கண்காணிப்பும் ஆதரவும் அதில் பிரிக்க முடியாதவை. அதை இணக்கத்தின் உறைவிடமாக மட்டும் நினைவுகூர்வது இலக்கியச் சான்றுகளோடு பொருந்தவில்லை.

• குருதி வழியில் இறங்கிவர வேண்டிய ஆதரவு, நாவலில் அண்டை வழியாக வருகிறது. டீச்சரம்மாவின் தகுதி, இளையவளுக்கு முன் அதே சுமையைச் சுமந்தவர் என்பதில் உள்ளது.

• ஜெயகாந்தனின் சடங்கு நீரும் அசோகமித்திரனின் பஞ்ச நீரும் தூய்மை என்ற மதிப்பீட்டின்பால் இருவேறு நிலைகளைக் காட்டுகின்றன.

• ‘எதிர்நீச்சல்’ உள்ளிட்ட சமகாலப் படைப்புகளோடு இணைத்து வாசிக்கும்போது, ஒரு வீட்டில் யார் கண்ணுக்குத் தெரிகிறார் என்பதை அவருடைய வயதும் உழைக்கும் திறனும் தீர்மானித்தமை விளங்குகிறது.

நாவல் நகரின் தண்ணீர்ச் சிக்கலுக்குத் தீர்வு எதையும் சொல்லி முடிவதில்லை. பிறக்கவிருக்கும் குழந்தையும் அதே தெருவில்தான் வளர வேண்டும். ஏரியை வற்றச் செய்து எழுந்த ஊரில் நீருக்காகக் காத்திருந்த தலைமுறைகளின் வரலாறு எழுதப்படும்போது, குறியீடாக வாசிக்கப்பட்டுவந்த ஒரு குடத்தின் எடையும் அதில் இடம்பெற வேண்டும். அந்த எடையைச் சொல்லும் ஆவணங்களுள் ‘தண்ணீர்’ முதலிடத்தில் வைக்கத்தக்கது.